கப்பலுக்கும் கரைக்கும் நடுவே: உயிர் காத்த மசூலா படகும் கட்டுமரமும்

ஈப்போ – பேராக் மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் கப்பல் கதை இல்லாத வீடு குறைவு. சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் "தாத்தா ரஜூலாவில் வந்தவர்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். கப்பலில் எத்தனை நாள், என்ன சாப்பாடு, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவு முகாமில் எத்தனை நாள் நிறுத்தி வைத்தார்கள் என்பதெல்லாம் இன்னும் பேசப்படுகிறது.

ஆனால், ஊர்க் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த அந்த ஒன்றிரண்டு மைல் கடலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நீண்ட பயணத்தின் மிக ஆபத்தான பகுதி பல காலம் அதுவாகத்தான் இருந்தது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆள், அரிசி, தபால், தங்கம் எதுவானாலும் அலையைக் கிழித்துக்கொண்டு சிறு படகில்தான் போய்ச் சேர வேண்டும்.

அந்த வேலைக்கென்றே உருவானது மசூலா படகு. அது கவிழ்ந்தால் உயிர்களை மீட்க உடன் சென்றது கட்டுமரம். கடலோர மீட்புப் படகுகளின் வரலாறு என்றாலே இங்கிலாந்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம் கரையிலும் அப்படி ஒரு வரலாறு உண்டு. இந்தப் படகுகள் எப்படிக் கட்டப்பட்டன, எப்படி இயங்கின, ஏன் மறைந்தன, மழைக்காலத்தில் ஆற்றோரம் வாழும் நமக்கு அவற்றிலிருந்து என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம்.

துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியது. வியாபாரம் பெருகியது. ஆனால் அங்கே துறைமுகம் என்று ஒன்று இல்லை. விரிகுடா இல்லை, அலையைத் தடுக்கும் முனை இல்லை, கப்பல் நுழையும் ஆழமான ஆற்று வாயும் இல்லை. நேர்கோடு போன்ற மணல் கரை மட்டும்தான்.

இப்படிப்பட்ட கரையில் அலை ஏன் மூர்க்கமாகிறது? ஆழ்கடலில் நீண்டு தாழ்ந்து வரும் அலை, ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது அதன் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது. பின்னால் வரும் நீர் மேலேறி உயர்கிறது. ஒரு கட்டத்தில் உச்சி நிலைகொள்ளாமல் முன்புறம் கவிழ்ந்து உடைகிறது. சென்னைக் கரையில் இப்படி அலை உடையும் வரிசைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருந்தன. வெளிவரிசையைத் தாண்டினால் உள்வரிசை காத்திருக்கும்.

ஐரோப்பியக் கப்பல்களில் இருந்த சிறு படகுகள் இந்த இடத்தில் பயன்படவில்லை. அவற்றுக்கு அடியில் நீளமான ஏராக்கட்டை, உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள், ஆணி அடித்து இறுக்கிய பலகைகள். ஆழ்கடலுக்கு அந்தக் கட்டுமானம் நல்லதுதான். ஆனால் அலை தூக்கி மணலில் அறையும்போது வளைய முடியாத பலகை பிளந்துவிடும். ஏராக்கட்டை மணலில் குத்தி நின்றால், அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் புரட்டிவிடும்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் இன்னும் மோசம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்பதே ஆபத்து எனக் கருதப்பட்டது. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அடுத்த மாதமே, அக்டோபர் புயலில், தன் கப்பல்கள் சிலவற்றை அந்தக் கரையருகே இழந்தார். கோட்டையைப் பிடிக்க முடிந்தவரால் கடலைப் பிடிக்க முடியவில்லை.

ஆணி இல்லாமல் தைத்த படகு

மசூலா படகு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மசூலிப்பட்டினத்தோடு இணைத்துச் சொல்வோர் உண்டு. மீனைக் குறிக்கும் வடபுலச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இவ்வகைப் படகை 'ஷெலிங்' என்றார்கள். அது 'சலங்கு' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்பர்.

பெயர் எதுவானாலும், படகின் அமைப்பு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. கப்பல் கட்டும் துறையைச் சேர்ந்த ஜான் எடை என்ற ஆங்கிலேயர், சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் படகு வகைகளைப் பற்றி 1834-இல் விரிவாக எழுதினார். மசூலா படகு ஏறக்குறைய 30 முதல் 35 அடி நீளம், 10 அடிக்குக் கூடுதலான அகலம், 7 அடிக்குக் குறையாத ஆழம் கொண்டது. ஒரு சிறு லாரி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்தார்கள். பலகைகள் சேரும் இடத்தில் உட்புறம் வைக்கோல் அல்லது நாரைப் பட்டையாக வைத்து, அதன்மேல் தையல் ஓடும். தண்ணீர் பட்டதும் அந்த நார் ஊதி இடைவெளியை அடைக்கும். உள்ளே விலாச் சட்டங்கள் இல்லை. அடிப்பாகம் தட்டையானது, ஏராக்கட்டை நீட்டிக்கொண்டிருக்காது. முன்னும் பின்னும் ஒரே வடிவில் கூராக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. தைத்த பலகை அலையின் அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். ஒரு மூங்கில் கூடையைத் தரையில் போட்டால் அது சற்று நசுங்கி மறுபடி நிமிர்வதுபோல, மணலில் மோதும் படகும் அதிர்ச்சியை உடல் முழுவதும் பரப்பிவிடும். தட்டையான அடிப்பாகம் மணலில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு கரையேறும். இரு முனைகளும் ஒன்றாக இருப்பதால், பின்னாலிருந்து வரும் அலை தட்டையான சுவரில் அறைவதுபோல் அறையாமல் இரண்டாகப் பிரிந்து போகும். உயரமான பக்கங்கள் நுரை உள்ளே கொட்டுவதைக் குறைக்கும்.

குறையும் இருந்தது. தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் துடுப்புப் போடுவோர் தவிர, தண்ணீரை இறைத்து ஊற்றவே தனி ஆட்கள் இருந்தார்கள். கயிறு உப்பில் நைந்து போகும். அவ்வப்போது தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அதிலும் ஒரு வசதி உண்டு: உடைந்த பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். இரும்பு தேவையில்லை, பெரிய பட்டறையும் தேவையில்லை. கரையிலேயே வேலை முடியும்.

அலையை எண்ணும் தண்டல்

நல்ல படகு மட்டும் இருந்தால் போதாது. மசூலா படகில் 10 அல்லது 12 பேர் துடுப்புப் போடுவார்கள். நீண்ட கழியின் முனையில் வட்டமான பலகைத் துண்டைக் கட்டியதுதான் துடுப்பு. பின்னால் நின்று நீண்ட துடுப்பால் திசை பிடிப்பவர் தண்டல். படகும் பயணிகளும் அவர் கண்ணை நம்பித்தான் போனார்கள்.

கப்பலிலிருந்து கரைக்கு வரும்போது தண்டல் செய்த வேலையைப் பயணிகள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். உடையும் வரிசைக்கு வெளியே படகை நிறுத்துவார். வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லா அலையும் ஒரே அளவில் வருவதில்லை. சில பெரிய அலைகள் சேர்ந்து வந்தபின் சற்று ஓய்வு இருக்கும். அந்த ஓய்வு வந்ததும் குரல் கொடுப்பார். அதுவரை மெதுவாக ஓடிய பாட்டு சட்டென்று வேகமெடுக்கும். துடுப்புகள் ஒன்றாக விழும். படகு அலையின் முதுகில் ஏறி ஓடும். அலைக்கு முன்னால் விழுந்துவிடவும் கூடாது, பின்தங்கி அடுத்த அலையிடம் மாட்டவும் கூடாது.

மணல் தட்டியதும் கரையில் காத்திருப்பவர்களுக்குக் கயிறு எறியப்படும். அவர்கள் படகு குறுக்கே திரும்புவதற்குள் இழுத்துக்கொள்வார்கள். படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

அலை மிக மோசமான நாளில் துறைமுக அதிகாரி கரையில் எச்சரிக்கைக் கொடி ஏற்றுவார். அந்த நாளில் மசூலா படகு கடலில் இறங்காது. அப்போதும் கடலுக்குப் போக ஒன்று இருந்தது.

மூழ்க முடியாத மரம்

கட்டுமரம் என்ற சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. கட்டிய மரம், அவ்வளவுதான். சங்கத் தமிழில் திமில், அம்பி, பஃறி, நாவாய், வங்கம் என்று கலங்களுக்குப் பல பெயர்கள் உண்டு. ஆனால் உலகம் முழுவதும் பரவியது கட்டுமரம் என்ற எளிய சொல்தான். 1697-இல் ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் தன் பயண நூலில் இச்சொல்லை எழுதினார். பின்னர் அது ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்கத் தொடங்கியது. அந்த இரட்டைப் படகு வடிவம் பசிபிக் தீவுகளுக்குரியது. பெயர் மட்டும் தமிழிலிருந்து போனது.

உண்மையான கட்டுமரம் மூன்று முதல் ஏழு வரையான இலேசான மரத் துண்டுகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, கயிற்றால் இறுக்கிய மிதவை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பதால் அந்தப் பழக்கம்.

இதில் உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை. படகு என்றால் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். கட்டுமரம் கிண்ணம் இல்லை. அலை மேலே ஏறிப் போனால் மரங்களின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஆளைத் தூக்கி எறிந்தால் அவர் நீந்தி வந்து பிடித்துக்கொள்வார். மிதப்பது அதன் வடிவத்தால் வருவதில்லை. மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

அதனால்தான் கொடி ஏறிய நாளிலும் கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குப் போனார்கள். ஓலையாலோ பாயாலோ ஆன கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, முழங்காலில் அமர்ந்து துடுப்புப் போட்டுப் போனார்கள். அலை அவர்களை முழுக்கடித்துவிடும். கரையில் நிற்பவர்கள் ஆள் போய்விட்டார் என்று நினைப்பார்கள். சற்று நேரத்தில் அலைக்கு அப்பால் மறுபடி தலை தெரியும்.

இதே இயல்புதான் கட்டுமரத்தை மீட்புக் கலமாக்கியது. பயணிகளோடு மசூலா படகு அலையைக் கடக்கும்போது கட்டுமரங்கள் அருகிலேயே போகும். படகு கவிழ்ந்தால் உடனே பாய்ந்து, நீரில் விழுந்தவர்களைத் தூக்கி மரத்தின்மேல் போட்டுக்கொள்ளும். விபத்து நடந்தபின் உதவிக்கு ஆள் அனுப்பும் முறை இல்லை இது. ஆபத்தான இடத்தில் மீட்பவர் முன்கூட்டியே காத்திருந்தார். இன்று கடற்கரைகளில் உயிர்காப்பாளர் காவல் நிற்பதும் இதே முறைதான். நீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்கு அன்றைய அரசு பதக்கங்கள் வழங்கியதையும் அக்கால எழுத்துகள் குறிப்பிடுகின்றன.

பதக்கமும் பழியும்

பதக்கம் ஒரு பக்கம். பழி இன்னொரு பக்கம். ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகளில் படகோட்டிகள் பேராசைக்காரர்கள், திருடர்கள், கூச்சல் போடுபவர்கள் என்ற வசை நிறைய வருகிறது. அலைக்கு நடுவே படகை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்டார்கள் என்பது அடிக்கடி வரும் புகார். கம்பெனி அரசு படகுகளுக்கு உரிமம், கட்டணம், தண்டனை என்று விதிகள் போட்டு அவர்களைக் கட்டுக்குள் வைக்கப் பார்த்தது.

இந்தப் புகார்களைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. எழுதியவர் ஒருமுறை கடந்து போன பயணி. படகோட்டி ஒவ்வொரு நாளும் அந்த அலையைக் கடந்தவர். பயணி எழுதி வைத்தார். படகோட்டியின் தரப்பைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்து வாழ்க்கையைத் துரைமாரின் குறிப்பேடுகளில் மட்டும் படித்தால் என்ன தெரியும் என்பது பேராக் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வட சென்னையின் ராயபுரம் இந்தப் படகோட்டிகளின் ஊர்களில் ஒன்று. அங்குள்ள புனித ராயப்பர் தேவாலயம் படகுத் தொழில் செய்த சமூகத்தின் பணத்தில் எழுந்தது. மீனவராக இருந்து இயேசுவின் சீடரான பேதுருவைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பர். ஊருக்கு ராயபுரம் என்ற பெயர் வந்ததும் அவரால்தான் என்று சொல்வதுண்டு.

அதே காலத்தில் இங்கிலாந்தில்

மீட்புக்கென்றே கட்டிய படகின் வரலாறு இங்கிலாந்தில் 1789-இல் ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது. வடகிழக்குக் கரையில் டைன் ஆற்று வாயருகே 'அட்வெஞ்சர்' என்ற கப்பல் தரை தட்டியது. கரையில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, அதன் மாலுமிகள் அலையில் விழுந்து இறந்தார்கள். அலையைக் கடந்து போகக்கூடிய படகு அங்கே இல்லை. அந்த வேதனையில் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர்கள் நல்ல படகு வடிவத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். 1790-இல் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய 'ஒரிஜினல்' என்ற படகு வந்தது.

அந்தப் படகின் நீளம் ஏறக்குறைய 30 அடி. 10 துடுப்புகள். இரு முனைகளும் ஒரே வடிவம். பின்னால் சுக்கானுக்குப் பதிலாக நீண்ட துடுப்பு. மூழ்காமலிருக்க உடலோடு சேர்த்து ஏறக்குறைய 350 கிலோ தக்கைக் கட்டைகள். மசூலா படகையும் கட்டுமரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததுபோல் இருக்கிறது அல்லவா? ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே மாதிரி அலை, ஒரே மாதிரி விடையைக் கொண்டுவந்திருக்கிறது.

1824-இல் வில்லியம் ஹிலரியின் முயற்சியால் ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் தேசிய உயிர்காப்புப் படகுக் கழகம் உருவானது. 1851-இல் ஜேம்ஸ் பீச்சிங்கின் வடிவம் பரிசு பெற்றது. கவிழ்ந்தாலும் தானே நிமிரும் படகு அது. முனைகளில் உயரமான காற்றறைகள், அடியில் கனம். தலைகீழானால் காற்றறைகள் நிலைகொள்ளாமல் படகைப் புரட்டி நிமிர்த்திவிடும்.

1963-இல் அக்கழகம் காற்றடைத்த ரப்பர் படகுகளைச் சேவைக்குக் கொண்டுவந்தது. 'டி வகுப்பு' எனப்படும் இவ்வகைப் படகு இன்று ஏறக்குறைய 5 மீட்டர் நீளம். ஆழமில்லாத இடத்திலும் பாறை நடுவிலும் போகும். அதன்பின் வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரியின் தலைமையாசிரியராக இருந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோர், மாணவர்களோடு சேர்ந்து ஒரு புது வடிவத்தை உருவாக்கினார். கீழே உறுதியான அடிப்பாகம், சுற்றிலும் காற்றடைத்த குழாய். அதிலிருந்து 'அட்லாண்டிக் 21' வகுப்பு 1970களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்தது. பின்புறச் சட்டத்தில் ஒரு காற்றுப்பை இருக்கும். படகு கவிழ்ந்தால் வாயுவால் அந்தப் பை ஊதி, சில விநாடிகளில் படகு நிமிரும். அந்த வடிவத்தின் உரிமையைக் ஹோர் கழகத்துக்கு ஒரு பவுனுக்குக் கொடுத்தார். இன்று கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் உலகெங்கும் பயன்படுத்தும் வேகப் படகுகளில் பல அந்த வழி வந்தவை.

ரப்பர் குழாய் அலையின் அடியை வாங்கி வளைகிறது. மசூலாவின் தைத்த பலகை செய்ததும் அதுதான். நீர் நிறைந்தாலும் படகு மூழ்காது, கட்டுமரமும் அப்படித்தான். அந்தந்தக் கரையை அறிந்த ஊர்க்காரர்களே படகில் ஏறுகிறார்கள். ஆர்.என்.எல்.ஐ. படகுகளில் போவோரில் பெரும்பாலோர் இன்றும் சம்பளம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள்தான்.

துறைமுகம் வந்தது, படகு போனது

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் பாலம் திறக்கப்பட்டது. உடையும் அலைக்கு அப்பால் போய்ச் சரக்கு இறக்கலாம் என்பது திட்டம். புயல்களில் அது பலமுறை சேதமடைந்தது. 1872 மே மாதப் புயலில் கரையருகே கப்பல்கள் உடைந்து உயிர்கள் போயின. 1870களின் நடுவில் கருங்கல் அணைச் சுவர்களோடு துறைமுகப் பணி தொடங்கியது. பணி முடியும் நேரத்தில், 1881 நவம்பர் 12 புயல் அந்தச் சுவர்களையும் உடைத்தது. மறுபடி கட்டி முடிக்க 1890கள் ஆயின.

துறைமுகம் நிலைபெற்றதும் மசூலா படகின் பயணிகள் வேலை முடிந்தது. கரைவலை போடும் மீன்பிடிக்கு அது தொடர்ந்து பயன்பட்டது. ஆந்திரா, ஒடிசா கரைகளில் 1980களிலும் தைத்த படகுகள் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

துறைமுகச் சுவர்கள் இன்னொன்றும் செய்தன. அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. படகோட்டிகளின் வேலையை எடுத்துக்கொண்ட துறைமுகம், அவர்களுடைய கரையையும் தின்றது.

நம்மவர் ஏறிய நாகப்பட்டினம்

மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினருக்குப் புறப்பாட்டுத் துறை நாகப்பட்டினம். பேராக்கில் முதலில் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்கள், பிறகு 1900களின் தொடக்கத்தில் ரப்பர் பெருக்கம். ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை தொடர்ந்தது. சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. உதவிப் பயணத்தில் தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்குப் பிறகும் சொந்தச் செலவில் வந்தவர்கள் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1970களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது.

சென்னையில் துறைமுகம் வந்தபிறகும் நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையைத் தொட முடியவில்லை. கப்பல் வெளியே நிற்கும். மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற வேண்டும். அந்தப் படகுகள் எல்லாம் பழைய மசூலா வகை என்று சொல்லிவிட முடியாது. காலத்துக்குக் காலம் மாறின. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் அதே கரையோர மக்கள். கடலையே பார்த்திராத உள்நாட்டுக் கிராமத்து மனிதர்களுக்குக் கடலில் முதலில் கை கொடுத்தவர்கள் அவர்கள்.

கட்டுமரம் போனபின்னும் கை போகவில்லை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலேசியாவில் பினாங்கு, கெடா கரைகள் உட்பட 68 பேரை இழந்தோம். தமிழகக் கரையில் கட்டுமரங்கள் ஏராளமாக அழிந்தன. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் அதன்பின் மிக அரிதாகிவிட்டது.

ஆனால் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் அந்தக் கண்ணாடியிழைப் படகுகளை லாரிகளில் ஏற்றி நகருக்குள் கொண்டுவந்தார்கள். மாடி வீடுகளில் சிக்கியவர்களைத் தெருத் தெருவாக மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் 600க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் பல்லாயிரம் பேரை மீட்டன. படகின் பொருள் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறிவிட்டது. நீரைப் படிக்கும் கண் மாறவில்லை.

நம் நாட்டில் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரையிலும் மேல்மாடியிலும் தவித்தவர்களைத் தேடி, பொதுமக்கள் சொந்தப் படகுகளையும் கயாக்குகளையும் கொண்டுவந்தார்கள்.

ஆற்றோரம் வாழும் நமக்கு

பேராக்கிலும் வெள்ளம் புதிதல்ல. பேராக் ஆறு 1926-இலும் 1967-இலும் பொங்கியதை மூத்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கிரியான், தெலுக் இந்தான் பக்கங்களில் தாழ்வான இடங்களில் வாழ்வோருக்கு மழைக்காலம் என்றாலே கவலைதான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் பல, ஆற்றோரத் தாமான்களில்தான் குடியேறியுள்ளன.

மசூலாக்காரர்களின் பழக்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கொடி ஏறினால் இறங்கக் கூடாது. அலையைத் தினம் கடந்தவர்களே அந்த விதிக்குக் கட்டுப்பட்டார்கள். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால், சாமான்களுக்காகக் காத்திராமல் நிவாரண மையத்துக்குப் போய்விட வேண்டும். இரவில் நீர் ஏறியபின் வரும் படகைவிட, பகலில் நடந்து போவது பாதுகாப்பு.

இரண்டாவது, ஓடும் நீரில் யாராவது விழுந்தால், நீந்தத் தெரியும் என்று உடனே குதிக்கக் கூடாது. மூழ்குபவர் காப்பாற்ற வந்தவரையே இறுகப் பிடித்துக்கொள்வார். கழி நீட்டுங்கள், கயிறு எறியுங்கள், மிதக்கும் எதையாவது தள்ளிவிடுங்கள். மூடியிறுக்கிய காலி எண்ணெய்த் தோம்பும் மிதவைதான். உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள்.

மூன்றாவது, மீட்புப் படகு வந்தால் தண்டல் சொல்வதே சட்டம். எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் எவ்வளவு நல்ல படகும் கவிழும். ஒருவர்பின் ஒருவராக ஏறி, நடுவில் தாழ உட்கார வேண்டும். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் வார்களை முழுதாக மாட்ட வேண்டும். குழந்தைகளும் முதியோரும் முதலில். இடமில்லை என்று சொன்னால் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

நான்காவது, மீட்பவர் முன்கூட்டியே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுமர முறை. உங்கள் தாமானில் யாரிடம் சிறு படகு இருக்கிறது, ஆற்றின் சுழலும் பள்ளமும் யாருக்குத் தெரியும், படுக்கையில் இருக்கும் முதியவர் எந்த வீட்டில் என்பதை மழை தொடங்குமுன் குடியிருப்போர் சங்கமும் கோயில் நிர்வாகமும் பேசி வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் மீட்புப் படையினருக்கு அந்தத் தகவலே பாதி உதவி.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் படகேறிக் கப்பலுக்குப் போனதை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். அவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் ரஜூலாவில் வந்தவர்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கப்பலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கரையிலிருந்து கப்பல்வரை எப்படிப் போனீர்கள், படகில் எத்தனை பேர், யார் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள் என்றும் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். படகோட்டிகளின் தரப்பை அன்று யாரும் எழுதவில்லை. அவர்கள் கைபிடித்து ஏறியவர்களின் நினைவையாவது நாம் எழுதி வைக்கலாம்.